ரெட் ஆக்சைடு பிரைமருக்கு ஃபியூம்டு சிலிக்கா தேவையா? மூன்று சேர்மானங்கள், ஓர் அலசல்

மதுரையில் கேட், கிரில், ஷட்டருக்கு அடிக்கிற பெயிண்டர்களிடம் கேட்டால், சின்னக் கம்பெனி பெயிண்ட் மீது பெரும்பாலும் இரண்டு குறைதான் வரும். டப்பாவின் அடியில் கல்லாக இறுகிவிடுகிறது, செங்குத்தான இடத்தில் அடித்தால் வழிகிறது. கப்பலூர், கே.புதூர் மாதிரியான தொழிற்பேட்டைகளில் சிறிய அளவில் பிரைமரும் எனாமலும் செய்பவர்களிடம் இதற்கு மருந்து கேட்டால், பெரும்பாலும் பெயிண்டைக் கெட்டியாக்கும் ஃபியூம்டு சிலிக்கா என்ற நுண்பொடியைத்தான் கைகாட்டுவார்கள். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பில் முதல் பூச்சாக அடிக்கும் செங்காவி நிற ரெட் ஆக்சைடு பிரைமருக்கு அது முதல் தேர்வு இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதே வேலையைச் செய்யும் ஆர்கானோகிளே, ஆமணக்கு மெழுகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

முதலில் சிலிக்கா. சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன், ஆக்சிஜன் எரியும் சுடருக்குள் விட்டு, 1000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இதைச் செய்கிறார்கள். 1940களில் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் பிறந்த முறை இது. ஏரோசில், கேப்-ஓ-சில், எச்.டி.கே. என்ற பெயர்களில் கிடைக்கிறது. துகள்கள் நானோமீட்டர் கணக்கில் இருப்பதால் ஒரு கிராம் பொடியின் பரப்பு, ரகத்தைப் பொறுத்து, 50 முதல் 400 சதுர மீட்டர் வரை வரும். அந்தப் பரப்பு முழுக்க சிலனால் என்ற ஹைட்ராக்சில் முனைகள். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெயிண்டுக்குள் ஒரு வலையாக நிற்கின்றன. பிரஷ் இழுக்கும்போது வலை அறுந்து பெயிண்ட் இளகும். பிரஷ்ஷை எடுத்ததும் மறுபடி கோத்துக்கொள்ளும், அதனால் வழியாது. பெரும்பாலும் 0.5 முதல் 3 சதவீதமே போதும்.

இங்கேதான் சிக்கல். அந்தப் பொடியை நன்றாகப் பிரித்தால்தான் வலை உருவாகும். டிஸ்பர்சர் என்ற அதிவேகக் கலக்கியின் சுழல் தட்டின் விளிம்பு நொடிக்கு 10 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். 20 செ.மீ. தட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 950 சுற்று. மெதுவாகச் சுற்றும் சாதாரணக் கலக்கியில் போட்டால் காசும் போகும், பெயிண்டில் நொறுநொறுவென்று மணலும் தட்டுப்படும். எல்லாம் முடிந்து தின்னர் ஊற்றிய பிறகு மேலே தூவிவிடுவது இன்னும் மோசம். பெயிண்டைப் பிணைக்கும் ரெசின் கெட்டியாக இருக்கும் அரைப்புக் கட்டத்திலேயே போட வேண்டும்.

ஆர்கானோகிளே என்பது பென்டோனைட் களிமண்ணை குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மத்தால் மாற்றி, கரைப்பானோடு ஒத்துப்போகச் செய்தது. ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். அந்த ஏடுகளைப் பிரிக்க வேகமும் வேண்டும், பிரியத் தூண்டும் ஆக்டிவேட்டர் என்ற திரவமும் வேண்டும். 95 பங்கு எத்தனாலில் 5 பங்கு தண்ணீர் கலந்தது, அல்லது புரோபிலீன் கார்பனேட், களிமண் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மெத்தனாலும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அது நச்சு, தொழிலாளி மூச்சில் போகிற பொருள். அதைத் தொட வேண்டாம். இந்த ஆக்டிவேட்டரை விட்டுவிட்டு "களிமண் வேலை செய்யவில்லை" என்று சிலிக்காவுக்குத் தாவுகிறவர்கள் உண்டு.

இரும்பு ஆக்சைடு தண்ணீரைப் போல் சுமார் 5 மடங்கு அடர்த்தி. பிரைமரில் இருக்கும் ஆல்கைட் ரெசின் கரைசலோ தண்ணீரை ஒட்டியே இருக்கும். அவ்வளவு கனத்தை மாதக்கணக்கில் தாங்கி நிறுத்துவதில் களிமண் ஏடுகள் திறமையானவை. அடியில் கொஞ்சம் தங்கினாலும் மிருதுவாகத்தான் தங்கும், கம்பி போட்டால் கலந்துவிடும். களிமண்ணின் பழுப்புச் சாயலும் மங்கலும் செங்காவி பிரைமரில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. பிரைமருக்குப் பளபளப்பும் தேவையில்லை. அதனால் என் ஓட்டு இங்கே களிமண்ணுக்குத்தான்.

ஆமணக்கு மெழுகு, அதாவது ஹைட்ரஜன் ஏற்றிய விளக்கெண்ணெய், வழிவதைத் தடுப்பதில் அருமையானது. ஆனால் ரகத்துக்கு ஏற்ற ஒரு வெப்ப எல்லைக்குள், சுமார் 40 முதல் 60 டிகிரிக்குள் கலந்தால்தான் சரியாக உப்பி வேலை செய்யும். சூடு கூடினால் கரைந்து, ஆறும்போது விதை விதையாகத் திரளும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையே கொதிக்கும். அதற்கு மேல் அரைப்பின் சூடும் சேரும்போது அந்த எல்லையைக் காப்பது பெரும்பாடு. குளிர்விக்கும் ஜாக்கெட் இல்லாத பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், சிலிக்கா ஜெயிக்கிற இடம் எது? கிளியர் வார்னிஷ். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46, ரெசினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கண்ணாடி மாதிரி தெளிவு கெடாது. கண்ணாடியிழை பிளாஸ்டிக்கின் (எஃப்.ஆர்.பி.) மேற்பூச்சான ஜெல்கோட்டிலும் அதுதான். தடிமனாக அடிக்கும் எபாக்ஸிக்கும் சிலிக்காதான், ஆனால் அங்கே சாதாரண ரகம் வேண்டாம். எபாக்ஸியும் அதை இறுக வைக்கும் அமீன் ஹார்டனரும் சிலனால் முனைகளைப் பிடித்துக்கொள்வதால், வைத்திருக்க வைத்திருக்கக் கெட்டித்தன்மை இறங்கிவிடும். சிலிகோன் பூசிய நீர்விலக்கு ரகம் விலை கூடுதல், அங்கே அந்த விலைக்குத் தகும்.

வாங்கும்போது வெறுமனே "சிலிக்கா" என்று கேட்காதீர்கள். பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் சிலிக்கா வேறு, அதன் துகள் மைக்ரான் அளவு. ரப்பருக்குப் போகும் பிரெசிப்பிடேட்டட் சிலிக்கா வேறு. குவார்ட்ஸ் பொடி முற்றிலும் வேறு, அதன் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோயைத் தரும். ஃபியூம்டு சிலிக்கா படிகம் அல்லாதது, அந்த ஆபத்து அதற்கு இல்லை. ஆனாலும் தூசி பறக்கும், முகக்கவசம் கட்டாயம். லிட்டருக்கு 50 கிராம்தான் நிற்கும் என்பதால் 10 கிலோவே 200 லிட்டர் இடத்தை அடைத்து மிரட்டும். இன்னொன்று, இந்தப் பொடியைக் கொட்டும்போது நிலைமின்சாரம் உண்டாகும். டர்பன்டைன் ஆவி நிற்கும் தொட்டிக்கு எர்த் போடாமல் கொட்டவே கூடாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரே பிரைமரை, அரைப்புக் கட்டத்திலேயே ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மானத்தைப் போட்டு, மூன்று டப்பாவாகச் செய்து, மூடி, கொட்டகைக்குள்ளேயே ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். குளிர்சாதன அறையில் வைத்த டப்பா எதையும் சொல்லாது. பிறகு தகடு ஒன்றை நிமிர்த்திவைத்து, மூன்றையும் தடிமனாக அடித்து, காயும் வரை விட்டுப் பாருங்கள். தின்னரை மாற்றினால் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் கரைப்பான் மாறினால் மூன்றின் குணமும் மாறும்.