பக்கவாதத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சி: பாளையங்கோட்டையில் நாங்கள் போகும் மையம்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சும் அடிபடுகிறது. பேசுவது, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது, வாசிப்பது, எழுதுவது என எதுவும் பாதிக்கப்படலாம். அஃபேசியா என்பார்கள். இத்தனை பேருக்கு வருகிற ஒன்றைப் பற்றி அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரிகூட இல்லை. வலது கைக்கும் காலுக்கும் பிசியோதெரபி எழுதியிருந்தார்கள். பேச்சுக்கு, "போகப் போகச் சரியாயிடும்" என்றதோடு சரி. நாங்களாக விசாரித்துத்தான் இந்த ஸ்பீச் தெரபி மையத்துக்குப் போனோம்.

முதல் நாளே தெரபிஸ்ட் மேடம் பொறுமையாகச் சோதித்தார். "ஐயா, அந்தச் சாவியை எடுத்து டம்ளருக்குள்ள போடுங்க" என்றதும் அப்பா போட்டுவிட்டார். அதே சாவியைக் காட்டி, "இது என்ன?" என்றபோது வார்த்தை வரவில்லை. பூட்டைத் திறப்பது போலக் கையைத் திருப்பிக் காட்டினார். அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, "ஐயாவுக்கு நாம பேசுறது புரியுது. சொல்ல நினைக்கிற வார்த்தைதான் வெளியே வரல. புத்தி மங்கிட்டதா நினைச்சிடாதீங்க" என்றார் மேடம். அதுவரை வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்பாவிடம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். காதில் என்ன கோளாறு?

இடது மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும் என்பதை 1861-லேயே பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் எடுத்துக்காட்டிவிட்டார். அவர் பார்த்த நோயாளிக்குப் பெரும்பாலும் 'டான்' என்ற ஒரே ஒலிதான் வந்ததாம்.

ஆனால் வாய் பழகிப்போன வரிசைகள் பலருக்குத் தங்கிவிடுகின்றன. அக்கா என்றைக்கு வருகிறாள் என்று கேட்டால் அப்பாவுக்குச் சட்டென்று சொல்ல வராது. ஞாயிறு, திங்கள் என்று ஆரம்பித்து, வெள்ளி வந்ததும் நிறுத்தித் தலையாட்டுவார். மேடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி கொடுக்கிறார். அங்கிருந்த படஅட்டைகளில் ஸ்ட்ராபெர்ரியும் சாண்ட்விச்சும் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு எங்கள் வீட்டுப் பொருட்களைப் படம் எடுத்துவரச் சொன்னார். வெற்றிலைப் பெட்டி படத்தைப் பார்த்து அப்பா "வெத்தல" என்றபோது அம்மா அழுதுவிட்டாள்.

எங்களுக்கும் பாடம் உண்டு. டிவியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான், அதுவும் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி. அவர் தேடும்போது முந்திக்கொண்டு வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் அம்மாவுக்கு இன்னும் கஷ்டம்தான்.

குறைகளும் இருக்கின்றன. வாசலில் படிகள், கைப்பிடிகூட இல்லை. கால் இழுத்து நடப்பவர்கள் வருகிற இடத்தில் இது பெரிய குறை. வாரம் இரண்டு அமர்வு போதவில்லை. கூடுதல் நேரம் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். வீட்டுப் பயிற்சித் தாளை ஆங்கிலத்தில் தருகிறார்கள். அம்மாவுக்காக நான் தமிழில் எழுதி ஒட்டுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் தயங்காமல் போகச் சொல்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே ஸ்பீச் தெரபி பற்றி நீங்களாகக் கேட்டுவிடுங்கள். மையத்தில் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மதியத்துக்கு மேல் அப்பா சோர்ந்துவிடுகிறார், வார்த்தைகளும் அதிகம் தடுமாறுகின்றன.