மியாமி சூறாவளி மையத்தின் சேவை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

என் மகள் ஹூஸ்டனில் தாதியாக வேலை செய்கிறாள். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மே மாதம் பாதி கழிந்துவிட்டால் காலையில் பத்திரிகையைப் பிரிக்கும் முன் நான் பார்ப்பது மியாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இணையப் பக்கத்தைத்தான். 2023 முதல் ஒரு பருவம்கூட விடவில்லை. பிள்ளைகளை ஃபுளோரிடாவுக்கும் டெக்சஸுக்கும் அனுப்பிவிட்டு இங்கே தவித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் வேறொன்றில் பணம் போட்டேன். மாதம் 15 ரிங்கிட் கட்டணத்தில் ஒரு கைப்பேசிச் செயலி. பெயர் வேண்டாம். ஒரு நாள் இரவு அது ஹூஸ்டன்மேல் செக்கச்செவேலென்று ஒரு சுழலைக் காட்டியது. தேதி பார்த்தால் பன்னிரண்டு நாள் கழித்து! நான் பதறிப்போய் மகளை எழுப்பினேன். அவள் வேலை முறையை மாற்றிக்கொண்டு தண்ணீரும் ரொட்டியும் வாங்கி அடுக்கினாள். மறுநாள் அந்தச் சுழல் கியூபாவுக்குப் போனது. அதற்கு அடுத்த நாள் காணாமலே போனது. அன்றே அந்தச் செயலியை நீக்கிவிட்டேன்.

மியாமி மையத்தின் பக்கம் அப்படிப் பயமுறுத்துவதில்லை. காசும் கேட்பதில்லை. மே 15 முதல் நவம்பர் 30 வரை நாளுக்கு நான்கு முறை, அடுத்த ஏழு நாளில் எங்கே புயல் உருவாகக்கூடும் என்று ஒரு படம் போடுகிறார்கள். வாய்ப்பு 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மஞ்சள், 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரமும் நம் நேரமும் சரியாக 12 மணி நேரம் விலகி நிற்கின்றன. அவர்களுடைய காலை 8 மணி அறிக்கை நமக்கு இரவு 8 மணிக்கு வரும். கடிகாரத்தை மாற்றிக் கணக்குப் போட வேண்டியதே இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒன்றும் இல்லாத நாளிலும் ‘அடுத்த ஏழு நாளில் உருவாக வாய்ப்பில்லை’ என்று எழுதிவைப்பது. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். காலை 7 மணிக்கு ஆபீஸ் வாசலில் இருந்த மழைமானித் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பேரேட்டில் எழுதுவார். ஒரு சொட்டும் விழாத நாளிலும் சுழியம் போடுவார். “எழுதாமல் விட்டால், பெய்யவில்லையா, நான் பார்க்கவில்லையா என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?” என்பார். அந்த நேர்மையை மியாமி பக்கத்தில் காண்கிறேன்.

ஆனால் இந்தப் படத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இந்த மையத்தின் தாய் நிறுவனமான நோவா (NOAA, அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம்) வெளியிடும் கடல் மேற்பரப்பு வெப்பப் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பருவத் தொடக்கத்தில் எனக்கு அதுதான் முக்கியம். கடல் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் சூறாவளிக்குத் தீனி கிடைக்கும். வெந்நீரிலிருந்து எழும் ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேகத் துளிகளாக மாறும்போது, தான் சுமந்து வந்த வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. காற்று இன்னும் வேகமாக மேலெழுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது.

மேற்பரப்புச் சூடு மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தண்ணீரில் மாலையில் கையை விட்டால் மேலே வெதுவெதுப்பாக இருக்கும்; முழங்கை முங்கும்வரை விட்டால் விரல் நுனி சில்லிடும். வாளியால் நாலு முறை கலக்கினால் மேல்சூடு ஓடிவிடும். சூறாவளியும் கடலை அப்படித்தான் கலக்குகிறது. அடியில் குளிர்ந்த நீர் இருந்தால் அது மேலே வந்து புயலின் பசியை அடக்கிவிடும். வெப்பம் ஆழம்வரை இறங்கியிருந்தால் கலக்கக் கலக்க வெந்நீர்தான் வரும். கரீபியன் கடலின் சில பகுதிகளும், மெக்சிகோ வளைகுடாவுக்குள் வளைந்து நுழையும் நீரோட்டமும் அப்படிப்பட்டவை. 2005இல் கத்ரீனா சூறாவளி வலுத்தது அந்த நீரோட்டத்தின் மேல்தான்.

வழக்கமாக ஜூன் மாதத்தில் வளைகுடாவும் மேற்குக் கரீபியனும்தான் தயாராக இருக்கும். ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் நடுவே விரிந்த அட்லாண்டிக் ஆகஸ்டுக்குத்தான் பக்குவப்படும். 2024இல் அந்த நடுக்கடல் ஜூனிலேயே ஆகஸ்டைப் போல் சூடாகிக் கிடந்தது. படத்தில் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தபோதே எனக்கு அடிவயிறு கலங்கியது. ஜூன் 28 அன்று அங்கேதான் பெரில் புயல் பிறந்தது. இரண்டு நாளுக்குள் நான்காம் வகைச் சூறாவளியானது (காற்றின் வேகத்தை வைத்து ஐந்து வகை, ஐந்தாவதுதான் உச்சம்). ஜூனில் அவ்வளவு வலுத்த அட்லாண்டிக் சூறாவளி பதிவிலேயே இல்லை. ஜூலை 1 அன்று கிரெனடாவின் கேரியாகூ தீவை நொறுக்கிவிட்டு, மறுநாள் ஐந்தாம் வகைக்கு ஏறி, மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் காற்றுடன் ஜமைக்காவின் தென்கரையை நோக்கிப் போனது. அதற்கு முன் பருவத்தில் மிகச் சீக்கிரமாக ஐந்தாம் வகையைத் தொட்டது 2005இன் எமிலி, அதுவும் ஜூலை நடுவில்தான்.

புயல் உருவானதும் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை தருகிறது. நமக்குக் காலையும் மாலையும் 5 மணி, 11 மணி. அதில் வரும் வெள்ளைக் கூம்பைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். கூம்பு புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. புயலின் மையம் போகக்கூடிய பாதையைத்தான் காட்டுகிறது; மூன்றில் இரண்டு பங்கு வேளைகளில் மையம் அதற்குள் அடங்கும். வெளியே இருப்பவர்களுக்கும் மழையும் காற்றும் உண்டு. பெரிலின் கூம்பு முதலில் மெக்சிகோ எல்லைப் பக்கம் மூக்கை நீட்டியிருந்தது. பிறகு ஒவ்வோர் அறிக்கைக்கும் கரையோரமாக வடக்கே ஏறியது. ஜூலை 6 அன்று ஹூஸ்டன் பக்கம் நெருங்கியதும் மகளுக்குச் சொன்னேன். இந்த முறை என் குரலில் பதற்றம் இல்லை, கையில் நேரமும் இடமும் இருந்தன. ஜூலை 8 மாலை 5 மணி அறிக்கையில் அது டெக்சஸ் கரையில் மட்டகோர்டா அருகே கரையேறியதைப் படித்தபோது அங்கே விடியவே இல்லை. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. என் மகள் வீட்டில் நான்கு நாள் விளக்கில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது, வண்டியில் எண்ணெய் இருந்தது, பேரனுக்குப் பால்மாவும் இருந்தது.

“நம்மைச் சுற்றியும் சூடான கடல்தானே, இங்கே ஏன் வருவதில்லை?” என்று ஒட்டுக்கடையில் கேட்பார்கள். நம் கடல் ஆண்டின் பெரும்பகுதி 28, 29 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பூமியின் சுழற்சி காற்றைத் திருகிவிடும் விசை இங்கே மிகக் குறைவு. அடுப்பு எரிந்தாலும் சுற்றிவிட ஆள் இல்லை. அபூர்வமாகத் தவறுவதும் உண்டு: 2001 டிசம்பரில் வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உருவாகி ஜொகூரில் கரையேறியது.

வெப்பப் படத்தைக் கண்டு மிரளவும் கூடாது. அதே 2024இல், கடல் கொதித்துக் கிடந்தும், ஆகஸ்ட் 12இல் எர்னெஸ்டோ என்ற புயல் பெயர் பெற்றபின் செப்டம்பர் 9இல் பிரான்சின் வரும்வரை புதிய பெயர் எழவில்லை. உயரே வீசும் காற்று வேறு வேகத்தில் ஓடினால் எழும் மேகத்தின் தலையைக் கொய்துவிடும். சஹாராவிலிருந்து வரும் வறண்ட தூசுக்காற்றும் அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும். சூடான கடல் இருந்தால் புயல் வரலாம். வந்தே தீரும் என்று பொருளில்லை.

குறை என்றால், ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான் இருக்கின்றன. என் மனைவிக்கு நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்பப் படத்தைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. எங்கள் தாமானில் இணைய வேகம் குறையும் இரவுகளில் படம் திறக்காவிட்டாலும் எழுத்து அறிக்கை திறந்துவிடும். புயல் வலுத்துவிட்டால் ‘விளக்க உரை’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். பணியிலிருக்கும் கணிப்பாளர் தம் கணிப்புக்கான காரணத்தையும், எந்த இடத்தில் உறுதி குறைவு என்பதையும் அதில் எழுதுகிறார். கீழே அவருடைய பெயரும் இருக்கும்.