முயலுக்கான மரக்கூண்டு: பருந்துக்குப் போதும், பாம்புக்குப் போதாது

பினாங்கில் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நாலடி நீள, இரட்டைத்தட்டு மரக்கூண்டின் கூரை நல்ல உறுதி. செம்பருந்தோ காக்கையோ மேலிருந்து பாய்ந்தாலும் முயலைத் தொட முடியாது. அந்த மட்டில் கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

கோளாறு கம்பிவலையில்தான். அடித்திருப்பது அறுகோணக் கண் கோழிவலை, கண் ஒரு அங்குலம். குட்டி மலைப்பாம்பு சுலபமாக நுழையும். முயல்குட்டியை விழுங்கிவிட்டு, வயிறு புடைத்து வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். வலையைச் சட்டத்தில் பிடித்திருப்பது வெறும் ஸ்டேப்ளர் ஊசிகள். மூசாங் எனப்படும் மரநாய் இரவில் நகத்தை மாட்டி இழுத்தால் ஓரம் அப்படியே உரிந்து வரும். இதை விற்பவர்கள் சொல்லியே ஆகவேண்டும்.

வாங்கியதும் வலையைக் கழற்றி, அரை அங்குலச் சதுரக்கண் கொண்ட வெல்டிங் வலை போடுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு திருகு, அகன்ற வாஷரோடு. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி போன்ற கடலோரத்தில் வலையின் துத்தநாகப் பூச்சை உப்புக்காற்று அரித்துவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையே சரி.

கதவில் இருப்பது திருப்பும் மரக்கட்டை. ஆயர் ஈத்தாம் பக்கம் குரங்குகள் அதை நொடியில் திறக்கும். ஸ்பிரிங் கொக்கி இரண்டு மாட்டுங்கள்.

கீழ்த்தட்டுக்குத் தரையே இல்லை. மண்ணில் வைப்பதானால் சுற்றிலும் 30 சென்டிமீட்டர் வலையைப் படுக்கைவாட்டில் விரித்துக் கல் ஏற்றுங்கள், தோண்டும் பிராணி அங்கேயே நின்றுவிடும். இத்தனையும் செய்ய நேரமில்லாதவர்கள் இந்தக் கூண்டை வெளியில் வைக்க வேண்டாம். இரவில் முயலை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.