கூகுள், கிராஃப், கால்டாவ்: காலண்டர் படிக்கக் கோட் எழுதுபவரின் பார்வையில்

கூகுள், அவுட்லுக், ஐகிளவுட் மூன்றிலும் இருக்கும் நிகழ்வுகளை ஒரே பட்டியலாகக் காட்டு என்றால், லாகின் வாங்கி, இழுத்து, தேதி வாரியாக அடுக்கினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். லாகின் ஒரு விஷயமே இல்லை. வாராவாரம் வரும் மீட்டிங்கும் முழுநாள் நிகழ்வும்தான் ஆளை உட்கார வைக்கும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது கூகுள் காலண்டர் ஏபிஐ (நம் கோட் அந்தச் சேவையிடம் தரவு கேட்கும் வாசல்). கேட்கும்போது சிங்கிள்ஈவென்ட்ஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று அனுப்பினால் போதும், தொடர் நிகழ்வை ஒவ்வொரு தேதிக்கும் அதுவே விரித்துத் தந்துவிடும். முதல் தடவை மொத்தத்தையும் வாங்கியதும் கடைசிப் பக்கத்தில் ஒரு சிங்க் டோக்கன் (எதுவரை வாங்கினோம் என்ற அடையாளச் சீட்டு) வரும், அடுத்த தடவை அதைக் கொடுத்தால் மாறியது மட்டும் வரும், நீக்கியதும் ‘கேன்சல்டு’ என்ற அடையாளத்தோடு வந்துவிடும். டோக்கன் செல்லாமல் போனால் 410 பிழை; சேமித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து இழுக்க வேண்டும், இந்த வழியை முதல் நாளே எழுதி வையுங்கள். முழுநாள் நிகழ்வுக்குத் தேதி மட்டும்தான், அதிலும் முடிவுத் தேதி கணக்கில் சேராது. 14ஆம் தேதி ஒருநாள் விடுமுறை என்றால் தொடக்கம் 14, முடிவு 15. அப்படியே திரையில் போட்டால் இரண்டு நாள் லீவு ஆகிவிடும் (யாருக்குக் கசக்கும்!).

அவுட்லுக் காலண்டருக்கான ஏபிஐ மைக்ரோசாஃப்ட் கிராஃப். மோசமில்லை, ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். ஈவென்ட்ஸ் என்று கேட்டால் தொடரின் மூல நிகழ்வு மட்டும் வரும். விரித்து வேண்டுமென்றால் காலண்டர்வியூ, அதற்குத் தொடக்கமும் முடிவும் கட்டாயம். நாமாகக் கேட்காவிட்டால் பக்கத்துக்கு 10 நிகழ்வுதான் தரும், அடுத்த பக்க லிங்க்கைப் பிடித்துப் போகாவிட்டால் பாதி மாதம் சத்தமில்லாமல் காணாமல் போகும். முழுநாள் நிகழ்வு இங்கே நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று நேரத்தோடு வருகிறது. வழக்கம்போல யூடிசியிலிருந்து (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் நாள் நழுவும், அதனால் இஸ்ஆல்டே (முழுநாள் நிகழ்வு என்ற குறி) என்று பார்த்ததுமே நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேர மண்டலத்துக்கு விண்டோஸ் பெயர்கள் வரும்; அவற்றைப் பொதுவான பெயர்களுக்கு மாற்றும் அட்டவணை யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் இருக்கிறது, சொந்தமாகத் தயாரிக்க வேண்டாம்.

அப்புறம் கால்டாவ், ஐகிளவுட் காலண்டரைப் படிக்கும் வழி. 2007இல் வந்த ஆர்எஃப்சி 4791 என்ற இணையத் தர ஆவணம். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம் என்பதால் ஐகிளவுட், நெக்ஸ்ட்கிளவுட், ஃபாஸ்ட்மெயில் எல்லாம் இதில் பேசும், அதற்காகவே மதிப்பெண் போடலாம். வேலைதான் அதிகம். கைக்கு வருவது ஐகாலண்டர் என்ற வடிவத்தில் எழுதிய வெறும் உரை. ஆர்ரூலை (எப்போதெல்லாம் திரும்ப வரும் என்ற விதி) விரி, எக்ஸ்டேட்டில் உள்ள விலக்குத் தேதிகளைக் கழி, தனியாக மாற்றிய ஒரு நாளை அதனிடத்தில் பொருத்து என்று எல்லாம் நம் தலையில். வரிகளை 75 பைட்டுக்குள் மடிக்கச் சொல்கிறது தரம். தமிழ் எழுத்துக்குறி ஒன்று யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட், சில பழைய மென்பொருள்கள் அதன் நடுவிலேயே மடித்துவிடும். அதனால் முதலில் பைட்டாகவே வரிகளை ஒட்டிவிட்டு, அப்புறம் எழுத்தாக மாற்றுங்கள். உரையாக மாற்றிவிட்டு ஒட்டப் போனால் தலைப்பில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

வடிவமைப்பு என்று பார்த்தால் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு அடாப்டர் (அதன் தரவை நம் வடிவத்துக்கு மாற்றும் கோட்), எல்லாம் வந்து சேர நம்முடைய சொந்த நிகழ்வு வகை. இது எல்லாரும் சொல்வதுதான். நான் கூடுதலாக வற்புறுத்துவது, அந்த வகையை இரண்டாகப் பிரியுங்கள் என்று: நேரமுள்ள நிகழ்வு, தேதி மட்டுமுள்ள நிகழ்வு. ஒரே வகைக்குள் இரண்டையும் திணித்து நள்ளிரவை அடையாளமாக வைத்தால் மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் கோட் முழுக்கப் பரவும்.

ஒரே மீட்டிங் இரண்டு காலண்டரில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நிகழ்வோடு வரும் ஐகால்யூஐடி என்ற அடையாள எண் கை கொடுக்கும், ஆனால் கூகுளில் தொடரின் எல்லா நாளுக்கும் அது ஒன்றே, கிராஃபில் நாளுக்கு நாள் வேறு. கூகுள் பக்கம் அசல் தொடக்க நேரத்தையும் சேர்த்து, ஒப்பிடும் சாவியாக்க வேண்டும். தலைப்பும் நேரமும் பொருந்தினால் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஒரே மணிக்கு ‘மீட்டிங்’ என்ற பெயரில் இரண்டு வைத்திருக்கும் ஆசாமிகள் உண்டு.