20 ரூபாய் பத்திரம், நோட்டரி சீல், 6,80,000 ரூபாய் போச்சு: உஷாரா இருங்க

கோர்ட்டிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் ஊருக்கு வெளியே மூணு சென்ட் மனை வாங்கினேன். விலை 6,80,000 ரூபாய். எழுதிக் கொடுத்தது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு பத்திர எழுத்தர். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரமெல்லாம் அங்கேதான். "இப்ப பதிஞ்சா ஸ்டாம்பு ஏழு, ஃபீஸ் நாலு, பதினோரு பர்சென்ட் போயிரும் சார். எழுபத்தஞ்சாயிரம் தண்டம். இருபது ரூபா பத்திரத்துல கிரையம் எழுதி நோட்டரி போட்டுட்டா கோர்ட்லயே செல்லும். பதிவ ஆற அமரப் பண்ணிக்கலாம்" என்றார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, ரெண்டு சாட்சி, சிவப்பு சீல். கடைசியில் "மழையில நனைஞ்சிரக் கூடாது சார்" என்று லேமினேட் வேறு பண்ணிக் கொடுத்தார். அந்தக் கரிசனத்தில் விழுந்தவன்தான் நான்.

அப்புறம் பதிவுக்குக் கூப்பிட்டால் ஆடி போகட்டும், சர்வர் டவுன், விற்றவரின் அண்ணன் துபாயிலிருந்து வரணும். 2024-இல் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அதே மனை வேறொருவர் பெயரில் முறையாகக் கிரையமாகிப் பதிவாகியிருக்கிறது! விற்றவரிடம் போய் நின்றால், "அதான் அப்பவே உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டேனே" என்கிறார் கூசாமல். பத்திரக்காரனோ, "நான் எழுதுறவன் சார், நீங்க ரெண்டு பேரும் சொன்னதத்தான் எழுதினேன்" என்கிறான். இப்போது போன் எடுப்பதே இல்லை. கடைப் பையன்தான் "அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காரு" என்கிறான். எந்நேரமும் டீ!

உரிமை விளம்புகை, அதாவது மனை எனக்குத்தான் சொந்தம் என்று அறிவிக்கக் கேட்டு முன்சீஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். இன்றைக்கு என் சாட்சியம். காகிதத்தை எங்கள் வக்கீல் நீட்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது என்று 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. (நூறு ரூபாய்க்கு இன்று ஒரு பூந்தொட்டி மண்கூட வராது.) பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி பதிந்தே ஆகவேண்டிய ஆவணம், பதியவில்லையென்றால் 49-ஆம் பிரிவுப்படி உரிமைக்குச் சான்றாகாது. சான்றாவணமாக மார்க் பண்ண மறுத்துவிட்டார்கள்.

உரிமைக்கு இல்லாவிட்டாலும், மனை என் அனுபவத்தில் (என் கைவசம்) இருப்பதைக் காட்டவாவது, துணை நோக்கத்துக்கு அதை ஏற்கக் கேட்டார் எங்கள் வக்கீல். அதற்கும் முதலில் குறைவாகக் கட்டிய முத்திரைத் தீர்வையைக் கட்டணுமாம், கூடவே பத்து மடங்கு அபராதம். அந்தப் பத்திரக்காரன் சொன்ன அதே ஏழு சதவீதத்தை வைத்துப் போட்டாலும் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. 6,80,000 ரூபாயைப் பறிகொடுத்தவன் இன்னும் ஐந்து லட்சம் கட்டினாலும் மனை எனக்கு உரிமையாகாது. லேமினேஷன் மேல் எங்கே சார் பணம் கட்டியதற்குச் சான்று எழுதுவது என்று பெஞ்ச் கிளார்க் சிரிக்கிறார்.

ஒரே ஒரு சந்து இருக்கிறது. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் (ஒப்புக்கொண்டபடி விற்றுக் கொடு என்று கேட்கும் வழக்கு), பதியாத கிரையப் பத்திரத்தையும் வாய்மொழி ஒப்பந்தத்துக்குச் சான்றாகக் காட்டலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் விஷயம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரை அதை வைத்து அசைக்க முடியாது. அதற்கும் காலவரம்பு மூன்று வருடம். மிஞ்சிப்போனால் 6,80,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். அதிலும் பாதிக்கு மேல் ரொக்கம்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நோட்டரி சீல் வேறு, பதிவு வேறு. கையெழுத்தான நாலு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோங்கள். தவறினால் அபராதத்தோடு இன்னும் நாலு மாதம், அவ்வளவுதான். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள்.

கடைப் பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், வழக்கு நடக்கிறது.