முன் ஆக்சில் கிராஸ் மாற்ற வண்டியை விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்

வயிறு எரிகிறது. ஃபோர் வீல் டிரைவ் டிரக், முன்பக்கம் முழு ஆக்சில். வீல் ஓரம் ஷாஃப்ட் மடங்கித் திரும்புகிற மூட்டில் இருக்கிற கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) இரண்டும் தேய்ந்துவிட்டன. இரண்டையும் மாற்ற, கூலியோடு சேர்த்து முழுக் காசையும் வேலைக்கு முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி வண்டிக்கென்றே போர்டு மாட்டிய பட்டறைதான். வண்டியை விடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கீழே விவரமாக எழுதுகிறேன்.

நம்ப வைத்தது அந்தப் பெட்டி. பட்டறைக்காரர் அதைப் பிரித்து, புது கிராஸைக் கையிலேயே கொடுத்தார். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இல்லாத சாலிட் கிராஸ். "நிப்பிள் வைத்ததில் கிரீஸ் போக உள்ளே துளை போட்டிருப்பான் சார், லோடு ஏறினால் அங்கேதான் விட்டுப்போகும்" என்றார். உண்மைதான். டானா 44 என்கிற ஆக்சில் மாடலில் 297, 760 என்ற இரண்டு கிராஸ் எண்ணும் ஒரே அளவு, ஒன்று இருந்த இடத்தில் மற்றது உட்காரும் என்றார். அதுவும் உண்மை. தொழில் தெரியாதவன் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வராது.

டெலிவரி கொடுக்கும்போது ஓட்டிக் காட்டியது முன் ஹப்பை (வீலை ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பூட்டு) ஃப்ரீயில் வைத்து. அப்படி வைத்தால் டூ வீல் டிரைவில் முன் ஷாஃப்ட் சுற்றாது. கிராஸ் உடைந்தே கிடந்தாலும் சத்தம் வராது. ஹப்பை லாக் செய்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் சடக், சடக்.

போன் செய்தால், "புதுசு சார், ஓடி ஓடி செட் ஆயிடும்." அடுத்த தடவை, "கிராஸ் போட்ட ஆக்சில் முழு ஒடிப்பில் துடிக்கத்தான் செய்யும்." இது பாதி உண்மை. கோணம் கூடக் கூட கிராஸ் சீரான வேகத்தில் சுற்றாது, ஸ்டியரிங்கில் லேசான துடிப்பு வரும். ஆனால் சடக் சத்தம் அந்தக் கணக்கில் வராது. அதற்கப்புறம் முதலாளி வெளியூர். அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை.

வேறு இடத்தில் கழற்றினோம். இடது பக்கம் போட்டிருப்பது நிப்பிள் வைத்த மலிவுச் சரக்கு. அதிலும் ஒரு கப்புக்கு (கிராஸின் நாலு முனையிலும் மாட்டுகிற மூடி) லாக்கே (கப் நகராமல் பிடிக்கிற கிளிப்) இல்லை. கப்பை அழுத்தும்போது அதற்குள் இருக்கிற ஊசி பேரிங்கில் ஒரு நீடில் சாய்ந்து அடியில் விழுந்தால் கப் முழு ஆழம் இறங்காது, லாக் போடும் காடி, கப் உட்காரும் ஷாஃப்ட் காதுக்கு உள்பக்கம் வெளியே வராது. திரும்ப எடுத்து, நீடில்களை கிரீஸில் ஒட்டி நிறுத்தி மறுபடி அழுத்த வேண்டும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் லாக்கையே விட்டுவிட்டார்கள். கப் வெளியே நகர்ந்து ஆடி ஆடி, ஷாஃப்ட் காதின் ஓட்டை நீண்டுவிட்டது. இனி அதில் எந்தக் கிராஸும் இறுகாது. ஷாஃப்டே போச்சு.

வலது பக்கம் கிராஸை மாற்றவே இல்லை. பழசின் மேல் கறுப்புப் பெயின்ட்! கையால் மடக்கினால் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறது. நீடில்கள் அழுந்தி அழுந்திக் குழி விழுந்திருக்கிறது. இதற்குத்தான் இரண்டு பக்கத்துக்கும் முழுக் காசு. முழுக் காசு!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

கழற்றிய பழைய கிராஸ் இரண்டும் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். ஷாஃப்டை உள்ளே ஏற்றும் முன் லாக்கை எண்ணுங்கள்: பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. கிராஸ் கையால் மடக்கினால் தடுக்காமல் மடங்க வேண்டும். புதுசு இறுக்கமாக இருந்தால் காதில் லேசாகத் தட்டிவிடச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு ஹப்பையும் நீங்களே லாக் செய்யுங்கள், மண் தரையில், ஃபோர் வீலில், இரண்டு பக்கமும் முழு ஒடிப்பு. தார் ரோட்டில் வேண்டாம், ஆக்சில் முறுக்கிக்கொண்டு அதுவே ஒரு சத்தம் கொடுக்கும், அதையே சாக்காகச் சொல்வார்கள்.