ஓயெஸ் தளம்: அதிபர் மேல் வழக்குப் போட முடியுமா என்று தேடுகிறவர்களுக்கு

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், படையை அனுப்பிய அமெரிக்க அதிபர் மேலேயே வழக்குப் போட முடியுமா? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனதில் இருந்ததால், பணம் கட்டிச் சட்ட சந்தேகம் கேட்கும் ஒரு இணையச் சேவையில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து "முடியாது, அதிபருக்கு விலக்கு உண்டு" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. செத்துப்போனவர்களைப் பற்றிய கேள்விக்கு இப்படியா பதில் சொல்வது என்று மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் ஓயெஸ் தளத்துக்கு வந்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதங்களை அப்படியே ஒலிப்பதிவாகக் கேட்கலாம், முழுக்க இலவசம். குரல் ஓட ஓட எழுத்தும் கூடவே நகர்கிறது, பேசுவது எந்த நீதிபதி என்றும் தெரிகிறது. வழக்கின் கதை, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, முடிவு, யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. சட்டம் படிக்காத எனக்கே புரிந்தது.

முதலில் நிக்சன் எதிர் ஃபிட்ஸ்ஜெரால்ட், 1982. சி-5ஏ ராணுவ விமானத்தின் செலவு எகிறியதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் போட்டு உடைத்த விமானப்படை ஆய்வாளர், வேலை போனதும் அப்போது அதிபராக இருந்த நிக்சன் மேல் வழக்குப் போட்டார். நீதிபதிகள் 5-4 என்று பிரிந்த தீர்ப்பு. அதிபர் என்ற முறையில் செய்த எந்தக் காரியத்துக்கும், பதவியை விட்டு இறங்கிய பிறகும் கூட, அவரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. படையை அனுப்புவது முப்படைத் தலைவராக அவர் செய்கிற வேலை என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. 1997-ல் கிளிண்டன் மேல் வழக்கு நடக்கலாம் என்று சொன்னார்களே என்றால், அது பதவிக்கு வருமுன் நடந்த சொந்த விவகாரம்.

சரி, அதிபர் வேண்டாம், அரசாங்கத்தின் மேல் போடலாமா? எனக்குத் தூக்கம் போனது இங்கேதான். 1950-ல் வந்த ஃபெரஸ் தீர்ப்பு மூன்று வழக்குகளைச் சேர்த்து முடித்தது. அதில் ஒன்று, படைக் குடியிருப்பில் தீப்பிடித்து இறந்த வீரருடையது. இன்னொருவருக்கு ராணுவ மருத்துவர் அறுவை செய்தபோது வயிற்றுக்குள் 30 அங்குல நீளத் துவாலையை விட்டுவிட்டார், அதில் ராணுவ மருத்துவத் துறையின் முத்திரையே இருந்தது. மூன்றுமே போரோடு சம்பந்தமில்லாதவை, ஆனாலும் ராணுவப் பணியோடு சேர்ந்து வந்த பாதிப்பு என்று சொல்லி வழக்கே கூடாது என்றுவிட்டார்கள். நீதிமன்றத்தில் ஒலிப்பதிவு தொடங்கியது 1955-ல் என்பதால் இந்த வாதத்தைக் கேட்க வழியில்லை, எனக்கு அது பெரிய குறை.

அதனால் 1987-ல் வந்த ஜான்சன் வழக்குக்குப் போங்கள். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் விமானி மலையில் மோதி இறக்கிறார், தப்பு தரைக் கட்டுப்பாட்டில் இருந்த சிவிலியன் ஊழியர்களுடையது என்று மனைவி வழக்குப் போடுகிறார். 5-4 என்று தோற்றுப்போனார். ஃபெரஸ் தீர்ப்பே தவறு என்று மறுத்து எழுதிய நான்கு நீதிபதிகள் சார்பில் பேனா பிடித்தவர் யார் தெரியுமா, ஸ்காலியா! பழமைவாதி என்று பேர் வாங்கியவர். ஒரே ஒரு ஓட்டில் அந்தப் பெண் தோற்றதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2019 கடைசியில்தான் ராணுவ மருத்துவத் தவறுக்கு மட்டும் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது, அதுவும் பாதுகாப்புத் துறையிடம்தான், நீதிமன்றத்தில் இல்லை.

இந்தத் தளம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். ஈராக்கில் இறந்த வீரர்களின் குடும்பங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் மேல் வழக்கை நடத்தலாம் என்று 2013-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே தேடாதீர்கள், அது அந்த நீதிமன்றத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. ஒரு வாதம் சுமார் ஒரு மணி நேரம் ஓடும், ஹெட்போன் போட்டு உட்காருங்கள். 5-க்கு 4.5 கொடுப்பேன்.